ஏற்பியின் சமிக்ஞை எப்படி அணைகிறது? ஹார்மோன் நீங்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: உயிரியல் ஆசிரியை

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் அட்ரினலின் செயல்படும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். ஹார்மோன் செல் சவ்விலுள்ள ஏற்பியில் வந்து அமர்கிறது. ஏற்பி ஜி புரதத்தைத் தூண்டுகிறது. ஜி புரதம் அடினைலைல் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது புரத கைனேஸ் ஏ என்னும் நொதியை எழுப்ப, அந்த நொதி பல புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, கல்லீரலில் கிளைக்கோஜன் உடையவும் இதயம் விரைந்து துடிக்கவும் வழி செய்கிறது. அம்புக்குறிகள் எல்லாம் இடமிருந்து வலமாக ஒரே திசையில் போயின. பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "நாய் துரத்துவதை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் இதயம் பழையபடி துடிக்கிறதே, அதற்கான அம்புக்குறி எங்கே டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஹார்மோன் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும், அதனால் எல்லாம் தானாக நின்றுவிடும்" என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே அது போதாது என்று எனக்குப் பட்டது. ஒரு புரதத்தின் மீது ஏறிவிட்ட பாஸ்பேட், வெளியே ஹார்மோன் இல்லை என்பதற்காகத் தானே கழன்று விழுமா? அது மட்டுமல்ல. செல்களை அட்ரினலின் கலந்த கரைசலிலேயே தொடர்ந்து வைத்திருந்தாலும், முதலில் ஏறிய சைக்ளிக் ஏஎம்பி சில நிமிடங்களில் இறங்கத் தொடங்குகிறது என்று படித்திருக்கிறேன். ஹார்மோன் அங்கேயே இருக்கும்போது செல் எதை வைத்து "போதும்" என்று முடிவு செய்கிறது? மாணவிக்குச் சரியான படம் ஒன்றை வரைந்து காட்ட விரும்புகிறேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சவ்வோரம்

அம்மா, உங்கள் மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. தூண்டும் பாதையைக் கண்டறிந்த பிறகும், அணைக்கும் பாதையைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நான் செல் சமிக்ஞைத் துறையில் பணிபுரிகிறேன்; அட்ரினலின் அமரும் ஏற்பிகளில் ஒருவகையான பீட்டா அட்ரினலின் ஏற்பியை மட்டும் வைத்துக்கொண்டு விளக்க முயல்கிறேன், ஏனெனில் இந்தத் துறையின் பெரும்பகுதி அறிவு அதிலிருந்துதான் வந்தது.

முதலில், நீங்கள் வகுப்பில் சொன்னது தவறில்லை. அட்ரினலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. சில நிமிடங்களிலேயே அதன் அளவு பாதியாகிவிடும். ஏற்பியோடு அது இறுகப் பிணைவதும் இல்லை, வந்து அமர்ந்து விரைவில் விலகிவிடும். ஆனால் நீங்களே ஐயப்பட்டதுபோல, அது முதல் படியை மட்டுமே நிறுத்தும். அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு படியிலும் ஏற்கெனவே மாறிவிட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குத் திருப்பத் தனித்தனி ஏற்பாடு தேவை. உங்கள் படத்தில் வலப்புறம் செல்லும் ஒவ்வோர் அம்புக்கும் கீழே, இடப்புறம் திரும்பும் ஓர் அம்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஜி புரதத்திலிருந்து தொடங்குகிறேன். அது ஆல்பா, பீட்டா, காமா என்னும் மூன்று துணையலகுகளால் ஆனது. அமைதியான நிலையில் அதன் ஆல்பா துணையலகு குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். ஏற்பி தூண்டியதும் அதைக் கைவிட்டுக் குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். (இவ்விரண்டின் சுருக்கப் பெயர்களும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே அமைந்துவிடுவதால் முழுப் பெயரையே எழுதுகிறேன், வகுப்பிலும் அப்படியே எழுதுவது நல்லது.) ஆல்பா துணையலகு தானே ஒரு மெதுவான நொதி. பிடித்திருக்கும் டிரைபாஸ்பேட்டின் கடைசிப் பாஸ்பேட்டைத் தானே வெட்டி, பல விநாடிகளுக்குள் மீண்டும் டைபாஸ்பேட் நிலைக்கு வந்து உறங்கிவிடும். தூண்டப்பட்ட நொடியிலேயே தன் முடிவுக்கான நேரத்தையும் அது தன்னுள் சுமந்துகொண்டுதான் புறப்படுகிறது.

அடுத்தது சைக்ளிக் ஏஎம்பி. பாஸ்போடைஎஸ்டரேஸ் என்னும் நொதிகள் அதைச் சாதாரண ஏஎம்பியாக உடைத்துக்கொண்டே இருக்கின்றன. செல்லில் எந்த நேரத்திலும் அதன் அளவு என்பது உற்பத்திக்கும் உடைப்புக்கும் இடையிலான சமநிலைதான். உற்பத்தி நின்றால் அளவு தானே விழும். அளவு விழுந்ததும் புரத கைனேஸ் ஏ நொதியின் அடக்கும் துணையலகுகள் செயல்படும் துணையலகுகளை மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஏற்கெனவே ஏறிவிட்ட பாஸ்பேட்டுகளைப் பாஸ்பட்டேஸ் நொதிகள் வெட்டி எடுக்கின்றன. நீங்கள் கேட்டது சரி, பாஸ்பேட் தானாகக் கழன்று விழாது. கழற்றுவதற்கென்று நொதி உண்டு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: ஹார்மோன் அங்கேயே இருந்தும் ஏன் இறங்குகிறது? இதுதான் என்னை இத்துறைக்கு ஈர்த்த கேள்வியும்கூட.

ஹார்மோன் அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. செல்லின் உட்புறம் ஒரு பள்ளம் திறக்கிறது. அங்குதான் ஜி புரதம் பொருந்துகிறது. ஆனால் அந்த மாறிய வடிவத்தை அடையாளம் காண்பது ஜி புரதம் மட்டுமல்ல. ஜி புரத ஏற்பி கைனேஸ் என்னும் நொதிக் குடும்பமும் அதே வடிவத்தைத்தான் தேடுகிறது. வேலை செய்துகொண்டிருக்கும் ஏற்பியின் வால்பகுதியிலுள்ள செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, வேலை செய்யாத ஏற்பியை விட்டுவிடுகிறது. மேலும், ஜி புரதம் தூண்டப்பட்டுப் பிரியும்போது விடுபடும் பீட்டா-காமா இணைதான் அந்தக் கைனேஸைச் சவ்வோரத்திற்கு இழுத்து வருகிறது. பிறகு அரெஸ்டின் என்னும் புரதம் வருகிறது. அது இறுகப் பிணைவதற்கு இரண்டு அடையாளங்கள் வேண்டும்: ஏற்பி தூண்டப்பட்ட வடிவில் இருக்க வேண்டும், அதன் வாலில் பாஸ்பேட்டும் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் ஜி புரதம் அமரும் இடத்திலேயே அரெஸ்டின் அமர்ந்துவிடும். ஹார்மோன் வெளியே பிணைந்தே இருந்தாலும் உள்ளே ஜி புரதத்திற்கு இடம் இல்லை. உங்கள் கரைசலில் நடப்பது இதுதான். செல் ஹார்மோனின் அளவைத் தனியே அளந்து முடிவெடுப்பதில்லை. தூண்டப்பட்ட ஏற்பியே தன்னை அணைக்க வேண்டியவற்றை அழைத்துவிடுகிறது.

அரெஸ்டின் வெறும் அடைப்பான் அல்ல. கிளாத்ரின் என்னும் கூடைப் புரதத்தோடு பிணைந்து, ஏற்பியைச் சவ்விலிருந்து பறித்து எண்டோசோம் என்னும் சிறு பைக்குள் கொண்டுசெல்ல உதவுகிறது. சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் ஒன்றையும் கூடவே ஏற்பியின் அருகில் கொண்டுவருகிறது. புதிய உற்பத்தியை நிறுத்திய இடத்திலேயே பழைய இருப்பையும் கரைக்கிறது.

இது கண்டறியப்பட்ட விதத்தையும் சொல்ல ஆசைப்படுகிறேன், மாணவர்களுக்குப் பிடிக்கும். ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தில் 1980களில் இந்தக் கைனேஸைப் பிரித்தெடுத்தார்கள். அதை மேலும் மேலும் தூய்மைப்படுத்தியபோது, வியப்பான ஒன்று நடந்தது: நொதி பாஸ்பேட்டை நன்றாக ஏற்றியது, ஆனால் ஏற்பியை அணைக்கும் திறன் குறைந்துகொண்டே போனது. அப்படியானால் தூய்மைப்படுத்தும்போது வேறு ஏதோ ஒன்று கழன்று போயிருக்க வேண்டும். விழித்திரையில் ஒளி ஏற்பியோடு பிணையும் 48 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம், அதாவது கண்ணின் அரெஸ்டின், அப்போது அறியப்பட்டிருந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். அணைக்கும் திறன் திரும்பி வந்தது. அதன் உறவுப் புரதத்தை உடலின் பிற செல்களில் தேடி, 1990இல் பீட்டா அரெஸ்டினின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இவ்வகை ஏற்பிகளின் மீதான ஆய்வுகளுக்காக 2012இல் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மறுமொழி 2: குச்சி செல்

மேலே உள்ள விளக்கத்தில் விழித்திரைப் புரதம் என்று போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணில்தான் இந்த அணைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பது தெளிவாகத் தெரியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்லிலுள்ள ஒளி ஏற்பியான ரோடாப்சினும் பீட்டா அட்ரினலின் ஏற்பியும் ஒரே குடும்பம். இரண்டும் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்பவை. ரோடாப்சினுக்கு ஹார்மோன் ஒளித்துகள்தான். ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தாலும் குச்சி செல் அதை உணர்ந்துவிடும், அவ்வளவு பெருக்கம் அந்தப் பாதையில் உண்டு. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. அட்ரினலின் விலகிப் போகும். ஆனால் ரோடாப்சினுக்குள் இருக்கும் ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறு ஒளிபட்டு வடிவம் மாறிய பின் உடனே விலகுவதில்லை. தானாகச் சிதைவதற்கு விட்டால் ரோடாப்சின் நெடுநேரம் சமிக்ஞை அனுப்பிக்கொண்டேயிருக்கும். ஆக, "தூண்டல் நீங்கினால் தானாக நிற்கும்" என்ற விடை கண்ணைப் பொறுத்தவரை முற்றிலும் பொருந்தாது. ரோடாப்சின் கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்ற, அரெஸ்டின் வந்து மூட, ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் அது அடங்குகிறது. எலிகளில் செய்த சோதனைகளின்படி, ரோடாப்சினின் வாலில் குறைந்தது மூன்று பாஸ்பேட்டுகளாவது ஏறினால்தான் அணைப்பு சரியாக நடக்கிறது.

இந்த ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிலேயே சான்று உள்ளது. ஜப்பானியக் கண் மருத்துவர் ஒகுச்சி 1907இல் ஒருவகை மாலைக்கண் நோயை விவரித்தார். பிறவியிலேயே வரும், வயதோடு மோசமாகாத இந்த நோய் உள்ளவர்களின் விழித்திரை ஒளியில் பொன்னிறமாக மின்னும். அவர்களைப் பல மணி நேரம் இருட்டில் வைத்திருந்து பார்த்தால் அந்தப் பொன்னிறம் மறைந்து இயல்பான நிறம் வந்துவிடும். பார்வையும் அப்படியே: நெடுநேர இருட்டுக்குப் பின் இருளில் பார்க்கும் திறன் ஏறக்குறைய இயல்பு நிலையை எட்டும், ஆனால் சிறிது வெளிச்சம் பட்டாலே மீண்டும் போய்விடும். 1990களில் காரணம் தெரிந்தது. சிலரிடம் அரெஸ்டின் மரபணுவில் பிழை, சிலரிடம் ரோடாப்சின் கைனேஸ் மரபணுவில் பிழை. கண்ணின் உணரும் பகுதியில் குறை ஒன்றும் இல்லை. உணர்ந்ததை நிறுத்த முடியவில்லை. முன்பு விழுந்த ஒளிக்கான சமிக்ஞை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பதால் புதிதாக விழும் மங்கிய ஒளி அதில் தொலைந்துபோகிறது. மாணவியிடம் இந்த ஒரு நோயைச் சொன்னாலே போதும், அணைக்க முடியாத செல் குருட்டுச் செல் என்பது அவளுக்குப் புரிந்துவிடும்.

மேலே "பல விநாடிகள்" என்று குறிப்பிட்ட ஜி புரதத்தின் சுயவேகமும் கண்ணுக்குப் போதாது. ஆர்ஜிஎஸ்9 என்னும் துணைப் புரதம் அந்த வெட்டும் வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகிறது. இந்தப் புரதம் பழுதானவர்களை 2004இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்டார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்திற்கு வந்தால் சில விநாடிகள் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நகரும் பொருள்களைப் பின்தொடர்வதும், பந்து விளையாடுவதும் கடினம்.

மறுமொழி 3: உயிரியல் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒகுச்சி நோயைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டதில்லை. நாளையே வகுப்பில் சொல்லப்போகிறேன்.

இரண்டு ஐயங்கள். ஒன்று, இத்தனை இடங்களில் அணைப்பான்கள் இருக்கும்போது ஏதேனும் ஒன்று பழுதானால் மற்றவை ஈடுகட்டிவிடாதா? இரண்டாவது என் சொந்தக் கவலை. என் தாயார் ஆஸ்துமாவுக்காகச் சால்பியூட்டமால் இன்ஹேலரைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். அதுவும் பீட்டா ஏற்பியைத்தானே தூண்டுகிறது? அப்படியானால் அரெஸ்டின் அதையும் அணைத்துவிடாதா?

மறுமொழி 4: நெஞ்சக மருத்துவர்

இரண்டாவது ஐயத்திற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு எவரும் தம் இன்ஹேலரைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

உங்கள் ஊகம் சரியான திசையில்தான் இருக்கிறது. சால்பியூட்டமால் பீட்டா ஏற்பிகளில் ஒருவகையான பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்துகிறது. தொடர்ந்து தூண்டப்படும் ஏற்பி உணர்திறனை இழப்பதும் உண்மையே. ஆனால் எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் இழப்பதில்லை. மூச்சுக்குழாய்த் தசையில் தேவைக்கு அதிகமாகவே ஏற்பிகள் உள்ளன; அவற்றில் ஒரு பங்கு அணைந்தாலும் எஞ்சியவை தசையைத் தளர்த்திவிடும். எனவே மூச்சுத் திணறும்போது இன்ஹேலர் தரும் உடனடி நிவாரணம் பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வாமைப் பொருள், குளிர் காற்று, உடற்பயிற்சி போன்றவற்றுக்கு எதிராக அது முன்கூட்டித் தரும் பாதுகாப்புதான் தொடர்ந்து பயன்படுத்தும்போது தேய்கிறது. அதாவது நோயாளிக்கு மருந்து வேலை செய்வதுபோலவே தோன்றும், பாதுகாப்பு மட்டும் தெரியாமல் குறைந்திருக்கும். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டீராய்டு இன்ஹேலரை உடன் தருவதன் முதன்மை நோக்கம் மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது. கூடுதலாக, அது பீட்டா-2 ஏற்பி மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டிப் புதிய ஏற்பிகள் உருவாகவும் உதவுகிறது. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற குறுகிய நேர மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்துச் சிகிச்சையளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு உணர்திறன் இழப்பு மட்டும் காரணமன்று, அடியிலுள்ள அழற்சி கவனிக்கப்படாமல் போவதே பெரிய காரணம். தங்கள் தாயார் நீல நிற இன்ஹேலரை மட்டுமே பயன்படுத்துகிறார் என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மறுமொழி 5: நுண்ணுயிரியலாளர்

ஆசிரியை அவர்களின் முதல் ஐயத்திற்கு, அதாவது ஓர் அணைப்பான் பழுதானால் மற்றவை ஈடுகட்டாதா என்பதற்கு, காலரா நல்ல விடை தரும்.

காலரா கிருமி குடல் செல்லைத் துளைத்து உள்ளே போவதில்லை. அதன் நச்சுதான் உள்ளே போகிறது. கிருமிகள் நீக்கப்பட்ட வடிநீரே குடலில் நீரைப் பெருகச் செய்யும் என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிறுவினார். இந்திய மருத்துவ ஆய்வு வரலாற்றில் தகுதிக்கேற்ற புகழ் பெறாத பெருஞ்சாதனைகளுள் அதுவும் ஒன்று என்பது என் கருத்து. அந்த நச்சு செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. மேலே சொன்ன ஆல்பா துணையலகில், டிரைபாஸ்பேட்டை வெட்டுவதற்கு இன்றியமையாத அர்ஜினின் அமினோ அமிலம் ஒன்று உண்டு. வரிசையில் அது 201ஆவது. அதன் மீது நச்சு ஒரு வேதிக் குழுவை ஒட்டிவிடுகிறது. அத்தோடு ஜி புரதத்தால் தன்னை அணைத்துக்கொள்ள முடியாது. ஏற்பி அணைந்திருந்தாலும் பயனில்லை, ஏனெனில் பழுது ஏற்பிக்குப் பின்னால் இருக்கிறது. பாஸ்போடைஎஸ்டரேஸ் உடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஓயாத உற்பத்திக்கு அது ஈடுகொடுக்க முடியாது. சைக்ளிக் ஏஎம்பி உச்சத்திலேயே நிற்க, குளோரைடு வாயில்கள் திறந்தே கிடக்க, உப்பும் அதைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்த நச்சை எதிர்ப்பதில்லை, அணைப்பானைச் சரிசெய்வதும் இல்லை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே வரும் வேறொரு வாயில் பழுதாகாமல் இருக்கிறது. அதன் வழியாக இழந்த நீரை மீட்கிறது. பழுதான செல்கள் சில நாட்களில் இயல்பாகவே உதிர்ந்து புதிய செல்கள் வந்துவிடும். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பதே சிகிச்சை.

இதில் இன்னொன்று. அதே 201ஆவது அர்ஜினின் நச்சு ஏதுமின்றி, கரு வளரும்போது ஒரு செல்லில் ஏற்படும் மரபுப் பிழையால் மாறிவிடுவதும் உண்டு. அந்தச் செல்லின் வழிவந்த செல்களில் மட்டும் ஜி புரதம் அணையாமல் இருக்கும். மெக்கூன்-ஆல்பிரைட் நோய்க்கூட்டம் என்பது அதுதான்: எலும்பில் நார்த்திசு வளர்ச்சி, தோலில் காப்பி நிறத் திட்டுகள், சில குழந்தைகளில் மிக இளம் வயதிலேயே பூப்பு. குடலில் நேர்ந்தால் பேதி, எலும்பிலும் சுரப்பியிலும் நேர்ந்தால் இப்படி. பழுதோ ஒரே அமினோ அமிலத்தில்.

மறுமொழி 6: திசு வளர்ப்பு

இதுவரை பேசியவை எல்லாம் ஜி புரத ஏற்பிகள். வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

மேற்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுவதன் மூலம் வேலை செய்கிறது. அங்கே ஏறும் பாஸ்பேட்டுகளில் சில "பெருகு" என்ற செய்தியைக் கடத்தும் புரதங்களுக்கு இருக்கை. வேறொன்று சிபிஎல் என்னும் புரதத்திற்கு இருக்கை. சிபிஎல் வந்து அமர்ந்து ஏற்பியின் மீது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை ஒட்டுகிறது. அது அழிப்பதற்கான முத்திரை. முத்திரை பெற்ற ஏற்பி எண்டோசோமின் உட்குமிழ்களுக்குள் அடைக்கப்பட்டு லைசோசோமில் செரிக்கப்படுகிறது. அட்ரினலின் ஏற்பி பெரும்பாலும் பாஸ்பேட்டுகள் கழற்றப்பட்டு மீண்டும் சவ்வுக்குத் திரும்பிவிடும். இந்த ஏற்பியோ பெரும்பாலும் திரும்புவதில்லை. செல் பிளவுபடுவது போன்ற மீட்க முடியாத முடிவைத் தூண்டும் ஏற்பியைச் செல் அழித்தே விடுவது பொருத்தமாகவே எனக்குத் தோன்றுகிறது.

முத்திரை விழாமல் போனால் புற்றுநோய். மெட் என்னும் வளர்ச்சி ஏற்பியின் மரபணுவில் 14ஆவது எக்சான் (புரதத்திற்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டு) விடுபட்டுப்போகும் பிழை, நுரையீரல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. சிபிஎல் அமரும் இடம் அந்த எக்சானில்தான் இருக்கிறது. ஏற்பியின் தூண்டும் பகுதியில் ஒரு பிழையும் இல்லை; அழிப்பதற்கான கைப்பிடி மட்டுமே இல்லை. இந்த நோயாளிகளுக்கென்றே கேப்மாட்டினிப் என்னும் மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

மறுமொழி 7: உயிரியல் ஆசிரியை

படிக்கப் படிக்கப் பாடநூல் படத்தில் பாதி விடுபட்டிருப்பதாகவே தோன்றுகிறது. தாயாரின் இன்ஹேலரைப் பற்றி மருத்துவரிடம் கேட்க நாள் குறித்துவிட்டேன், நெஞ்சக மருத்துவர் ஐயாவுக்குத் தனியே நன்றி.

புதிய படத்தில் இடப்புறம் திரும்பும் அம்புகளைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரையப்போகிறேன். பீட்டா-காமா இணையிலிருந்து கைனேஸுக்கு ஓர் அம்பு, கைனேஸிலிருந்து ஏற்பியின் வாலுக்கு ஓர் அம்பு, பிறகு அரெஸ்டின், பிறகு எண்டோசோம். எண்டோசோமுக்குள் போனதும் "சமிக்ஞை நின்றது" என்று எழுதிவிடலாமா?

மறுமொழி 8: சவ்வோரம்

அதை மட்டும் எழுத வேண்டாம், அம்மா. நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினோம். ஆனால் தூண்டப்பட்ட ஏற்பியோடு மட்டும் ஒட்டும் ஒளிரும் சிறு எதிர்ப்பொருள் துண்டுகளைச் செல்லுக்குள் வைத்துப் பார்த்தபோது, எண்டோசோமுக்குள் போன பீட்டா ஏற்பிகளில் சில அங்கிருந்தே ஜி புரதத்தைத் தூண்டுவது 2013இல் தெரியவந்தது. அரெஸ்டினும் சில பாதைகளில் தானே வேறு புரதங்களைக் கூட்டிச் சமிக்ஞை நடக்க உதவுகிறது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறது. எனவே "சவ்விலிருந்து நீங்கியது" என்று எழுதுங்கள், அது உறுதி.

எண்டோசோமிலிருந்து இரண்டு அம்புகள் வரையுங்கள். ஒன்று பாஸ்பட்டேஸ் வழியாகச் சவ்வுக்குத் திரும்புவது. மற்றொன்று லைசோசோமுக்குப் போவது. எந்த அம்பு தடிமனாக இருக்கும் என்பது ஏற்பியின் வாலைப் பொறுத்தது. சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் ஏற்பியின் வாலில் செரின்கள் கொத்தாக இருப்பதால் அரெஸ்டின் அதை எளிதில் விடுவதில்லை, உள்ளேயும் கூடவே போகிறது; பீட்டா-2 ஏற்பியை அது சவ்வோரத்திலேயே விட்டுவிடுகிறது. இரண்டின் வால்களையும் மாற்றி ஒட்டியபோது அவற்றின் நடத்தையும் மாறிவிட்டது. வாசோபிரசின் ஏற்பியில் 137ஆவது அர்ஜினின் மாறிய ஒரு குடும்ப நோயில், ஹார்மோன் வராமலேயே ஏற்பி அரெஸ்டினோடு ஒட்டிச் செல்லுக்குள் போய்விடுகிறது. சவ்வில் ஏற்பி இல்லாததால் சிறுநீரகம் ஹார்மோனுக்குச் செவிசாய்ப்பதில்லை. நோயாளி லிட்டர் லிட்டராகச் சிறுநீர் கழித்து ஓயாத தாகத்தில் தவிப்பார். ஒகுச்சி நோய்க்கு நேர் எதிரான இதையும் அதே பாடவேளையில் சொல்லலாம்.

இன்னொரு சிவப்பு அம்பையும் விட்டுவிடாதீர்கள். புரத கைனேஸ் ஏ திரும்பி வந்து ஏற்பியின் மீதே பாஸ்பேட்டை ஏற்றுகிறது, பாஸ்போடைஎஸ்டரேஸையும் முடுக்குகிறது. உங்கள் பழைய படத்தில் வலது ஓரத்தில் இருக்கும் நொதியிலிருந்து இடது ஓரத்தில் இருக்கும் ஏற்பி வரைக்கும் போகும் நீண்ட அம்பு அது. பலகையில் அதற்கு மேலே இடம் விட்டு வரையத் தொடங்குங்கள்.